பெரும்பாணாற்றுப்படையின் நெற்கள்ளும் நம் உரைமரபும்

சங்கச் செய்யுட்களிற் கள் பற்றிய செய்திகள் பயின்று வருதலைக் கண்டு நம்மவர் இருவகையாக ஒழுகி வந்துள்ளனர். ஒருசாரார் அதனைப் பண்டையோர் ஒழுக்கத்திற் படிந்த மாசெனக் கருதி, அவ்வடிகளை விரைந்து கடந்துவிடுவர். மற்றொரு சாரார் அதனைப் பழந்தமிழர் இன்பவாழ்வின் அடையாளமெனப் பாராட்டி அவ்வளவில் அமைவர். இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். கள் என்றாற் கள்தான். அதன்கண் ஆராய்வதற்கு ஏதுமில்லை என்பதே அவ்வுடன்பாடு. அவ்வுடன்பாடு பொருந்தாதென்பதையும், அதனால் ஒரு செய்யுளின் பொருளை மட்டுமன்றி ஒரு தொழிலின் மதிப்பையும் நாம் இழந்துள்ளோம் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கள்ளைப் போற்றுதல் ஈண்டுக் கருத்தன்று. கசிப்பினாற் குடிகெட்ட வீடுகளிலிருந்து வெறுவயிற்றோடு பாடசாலைக்கு வரும் பிள்ளைகளை வன்னி ஆசிரியர் எவரும் அறிவர். ஆயினும் ஒரு பொருளைப் பருகுதல் வேறு, அப்பொருளைப் பற்றி அறிதல் வேறு. நஞ்சினை ஆராயும் மருத்துவனை நஞ்சுண்பான் என எவரும் கூறார்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி எனச் சங்க நூல்களில் வழங்கும் பெயர்கள் பல. இவை யாவும் ஒருபொருட் பன்மொழியாகச் செய்யுள் நயம் கருதி வந்தனவென்று எண்ணுதல் தவறு. அரியல் என்பது அரிக்கப்பட்டது. பிழி என்பது பிழியப்பட்டது. தேறல் என்பது தெளிந்தது. ஒவ்வொரு சொல்லும் ஒரு செய்கையைச் சுட்டி நிற்கின்றது. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைக் கூறும். புறநானூற்றின் 120ஆம் பாட்டு நிலத்திற் புதைத்து முதிர்வித்த மட்டினைக் கூறும். சிறுபாணாற்றுப்படை நெய்தல் நிலத்து நுளைமகள் தன் கையால் அரித்த பழந்தேறலைக் கூறும். மூங்கிலும் மண்ணும் பெண்ணின் கையும் வெவ்வேறு தொழில் முறைகளைக் குறிப்பன என்பது வெளிப்படை.

இவற்றுள் தோப்பி என்பது நம் ஆராய்ச்சிக்கு உரியது. பெரும்பாணாற்றுப்படை, வீட்டிற் சமைக்கப்பட்ட கள்ளாக அதனைக் குறிப்பிடுகின்றது. அதற்கு நெல்லாற் செய்த கள் என்று பொருள் கண்டவர் 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர். அகநானூற்றின் 35ஆம் பாட்டு, நடுகல்லுக்குப் பீலி சூட்டித் துடி முழக்கித் தோப்பியோடு ஆட்டினைப் பலியிடுதலைச் சொல்லுகின்றது. எனவே தோப்பி வீட்டுக்கும் உரியது, வழிபாட்டுக்கும் உரியது. இந்நாளில் நம் கிராமங்களிற் சில சிறுதெய்வங்களுக்கு மடை பரவும்போது கள்ளும் சாராயமும் வைக்கப்படும் வழக்கம் அப்பழைய வழிபாட்டை நினைவூட்டுவதாகும். ஆயினும் படையலில் நெற்கள் இல்லை. பெயரும் பொருளும் ஒருங்கே மறைந்தன.

தோப்பி என்னும் பெயரைக் கூறும் அதே பெரும்பாணாற்றுப்படை, பிறிதோரிடத்தில் நெற்கள் ஆக்கும் முறையை முற்றாகக் கூறுகின்றது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் 500 அடிகளை உடையது. அதன் 275ஆம் அடி தொடங்கி ஏழு அடிகளில், வலைஞர் குடியிருப்பிற் பாணனுக்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் புலவர், அங்குள்ள பானம் உண்டாகும் வகையைப் படிப்படியாக விளக்குகின்றார். உமி நீக்கியும் தீட்டப்படாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற பிழாவில் அதனை இட்டு ஆற்றுகின்றனர். புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்த நல்லடையை அதனோடு அளைகின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுகின்றனர். வலிய வாயையுடைய சாடியில் அதன் இளமை நீங்க முதிர்விக்கின்றனர். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்கின்றனர். சுட்ட மீனோடு அது விருந்தாகின்றது.

சமைத்தல், ஆற்றல், கலத்தல், காத்தல், முதிர்வித்தல், அரித்தல் என்னும் ஆறு செய்கைகளும் முன்பின் மாறாது அமைந்திருத்தலைக் காண்க. பியர் ஆக்கும் தொழிலின் அடிப்படை வரிசை இதுவே. பனங்கள் ஆவதற்கு இவற்றுட் பல வேண்டியதில்லை. பனம்பாளையிற் சுரக்கும் நீரில் வெல்லம் இயல்பாகவே உண்டு. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அதனைத் தானே நொதிக்கச் செய்கின்றது. அரிசியில் உள்ளதோ மாப்பொருள். மாப்பொருளை மதுவம் நேரே உண்ணமாட்டாது. அதனை முதலில் வெல்லமாக மாற்ற ஒரு நொதியம் வேண்டும். அந்நொதியத்தைப் பெறும் வழியை உலக மக்கள் இருவகையாகக் கண்டறிந்தனர். மேற்றிசையார் வாற்கோதுமையை முளைகட்ட வைத்து, அம்முளையிற் பிறக்கும் நொதியத்தைப் பயன்படுத்தினர். சீனரும் யப்பானியரும், நேபாளத்தாரும் மணிப்பூர் மக்களும், அரிசி முதலியவற்றில் ஒருவகைப் பங்கசினைப் பூக்கவிட்டு, அப்பூப்பினைக் கொண்டு மாவை வெல்லமாக்கினர்.

எனவே பெரும்பாணாற்றுப்படையின் பொருள் முழுதும் நல்லடை என்னும் ஒரு சொல்லில் தங்கியிருக்கின்றது. அதனை நெல்முளையை இடித்துச் சேர்த்தல் என உரை கூறும். உரையின்படி கொண்டால், மேற்றிசையார் முறையே பழந்தமிழர் முறையுமாகும். இவ்வுரையைத் தள்ளுவதற்குக் காரணமில்லை. துணுக்காய்ப் பகுதியிற் சேற்று விதைப்புக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கிற் கட்டி முளைக்கவிடும் விவசாயி, முளை வந்த நெல்லைக் கடித்தால் இனிக்கும் என்பதை அறிவான். வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களில் இன்று அறியப்படும் இவ்வுண்மை, அன்றைய உழவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஆயினும் உரை விளக்காத இரண்டு சொற்கள் செய்யுளில் எஞ்சுகின்றன. ஒன்று அடை, மற்றொன்று அதன் புறத்துக்கு அடைமொழியாக வரும் பூ என்பது. முளையை இடித்தால் மாவாகுமேயன்றி அடையாகாது. தட்டி வைத்தாலன்றி அடை என்னும் பெயர் பொருந்தாது. பூம்புறம் என்பதற்குப் பொலிவுடைய புறம் எனப் பொருள் கொள்வது இலக்கணத்துக்கு ஒத்ததே. உவமையோடு வைத்து நோக்கும்போது அப்பொருள் போதியதன்று. புற்றாஞ்சோறு எனவும் கூறப்படும் குரும்பியை வன்னிக் காட்டிற் புற்று வெட்டியவர் யாவரும் கண்டிருப்பர். துளைதுளையாகக் கடற்பஞ்சு போன்று, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், மேலே நுண்ணிய வெண்மணிகள் படர்ந்திருப்பது அது. அவ்வெண்மணிகள் கறையான் வளர்க்கும் பங்கசு என இன்றைய உயிரியல் கூறும். பூசணம் பூத்தது என்று நாம் இன்றும் கூறுகின்றோம். அப்பூத்தலே பூம்புறம் என்பதிற் சுட்டப்பட்டதென்று கொண்டால், அடையும் உவமையும் ஒருங்கே விளங்கும். நெல்முளையை இடித்து அடையாகத் தட்டிச் சிலநாள் வைத்தால், அதன்மேற் பூசணம் பூக்கும். அவ்வடையைக் களியோடு அளையும்போது முளையின் நொதியமும் பூசணத்தின் நொதியமும் ஒருங்கே தொழிற்படும்.

இதற்குத் தடையாக ஒன்றைக் கூறலாம். முளைத்த நெல் வேரோடு வேர் பின்னிக் கட்டியாகும்போதும் குரும்பிபோலத் தோன்றும். ஆதலின் பூசணத்தைக் கருத வேண்டியதில்லை என்பர். இத்தடை வலியுடையதே. எனினும் வேர்ப் பின்னலுக்கு நூல், வலை முதலிய உவமைகள் எளிதிற் கிடைப்பவையாகப் புலவர் புற்றினுள்ளே கைவிட்டு ஓர் உவமையை எடுத்தமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும். உருத்திரங்கண்ணனார் உவமையைப் பொருளின் தோற்றத்துக்கு இயைய அளந்தே ஆளுபவர். ஆதலின் முளை என்னும் உரைப்பொருளைக் கைவிடாது, அதனோடு பூத்தலையும் சேர்த்துக் கொள்வதே சிறப்புடைத்தென யாம் கருதுகின்றோம். இதனை முடிந்த முடிபாகக் கூறவில்லை. செய்துபார்த்துத் தெளிய வேண்டியது இது.

செய்யுளைக் கொண்டு தொழிலை மீட்பது நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் கொண்டு, மறைந்துபோன யாழின் அமைப்பையும் இசைமுறையையும் கணித்து, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலை வெளியிட்டவர் விபுலானந்த அடிகள். இலக்கியத்தின் ஓரடியும் வீணன்று, அதனுட் கைத்தொழில் அறிவு உறைந்துள்ளது என்பதே அந்நூல் நமக்குக் கற்பித்த பாடம். பிறநாட்டாரும் இவ்வழியே சென்றனர். சுமேரியர் தம் பியர்த் தெய்வமான நின்காசியைப் பாடிய பாட்டொன்று ஏறத்தாழ 3,800 ஆண்டுகட்கு முற்பட்ட களிமண் ஏடுகளிற் கிடைத்தது. மிகுவேல் சிவில் என்னும் அறிஞர் 1964இல் அதனை மொழிபெயர்த்தார். துதிப்பாட்டாக மட்டும் எண்ணப்படத்தக்க அதனுள் அடை சுடுதல், முளை ஊறவைத்தல், வடித்தல் ஆகிய செய்கைகள் முறைப்படி அமைந்திருத்தலைக் கண்டனர். 1989இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தொழிற்சாலை ஒன்று அப்பாட்டைத் துணைக்கொண்டு பியர் ஆக்கியும் பார்த்தது. நின்காசிப் பாட்டுக்கு அவர்கள் அளித்த மதிப்பைப் பெரும்பாணாற்றுப்படைக்கு நாம் அளித்தோமா? உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்ட நாள்முதல் இவ்வடிகள் யாவர் கையிலும் உள்ளன.

இனி, இத்தமிழ்ப் பியரில் இல்லாத ஒன்றையும் நோக்குதல் வேண்டும். கசப்புத் தரும் பூண்டு எதுவும் பெரும்பாணாற்றுப்படையிற் கூறப்படவில்லை. மேற்றிசைப் பியரில் அவ்விடத்தைப் பெற்றிருப்பது ஹொப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்து. நம் பனையைப் போலவே அக்கொடியிலும் ஆணும் பெண்ணும் வெவ்வேறாக உள்ளன, பெண்கொடியே பயன்படுவது. அப்பூவிதழ்களின் அடியிலுள்ள மஞ்சள் நிறப் பிசின் பியருக்குக் கசப்பை அளிப்பதோடு, அது புளித்துக் கெடாமலும் காக்கின்றது. 12ஆம் நூற்றாண்டினரான ஹில்டெகார்ட் என்னும் யேர்மனியத் துறவினி ஹொப்ஸின் காக்கும் ஆற்றலைக் குறித்துள்ளார். 1516ஆம் ஆண்டுப் பவேரியச் சட்டம் நீர், வாற்கோதுமை, ஹொப்ஸ் ஆகிய மூன்றினாலன்றிப் பியர் ஆக்கலாகாது என விதித்தது. மதுவத்தை அச்சட்டம் கூறவில்லை; அக்காலத்தில் அதன் தொழிலை எவரும் அறிந்திலர். 19ஆம் நூற்றாண்டிற் பாஸ்டர் ஆராய்ந்த பின்னரே அது தெளிவாயிற்று. இங்கிலாந்தில் ஹொப்ஸ் 15ஆம் நூற்றாண்டளவிற் பிளாண்டர்ஸ் நாட்டுத் தொடர்பாற் பரவிற்று. பின்னர்க் கென்ற் மாநிலத் தோட்டங்களில் அறுவடைக்காலந்தோறும் இலண்டன் ஏழைக் குடும்பங்கள் பூக்கொய்யச் சென்று தங்கும் வழக்கம் உண்டாயிற்று.

ஹொப்ஸின் வரலாற்றை ஈண்டுக் கூறியது அயலார் பெருமை பேசுதற்கன்று. அது நமக்கோர் அளவுகோலாகின்றது. இரண்டு நாளில் ஆக்கி அன்றே விருந்தினர்க்கு ஊற்றும் பானத்துக்குக் காக்கும் பூண்டு வேண்டியதில்லை. நெடுந்தூரம் கொண்டுசென்று நெடுநாள் வைத்து விற்கும் பானத்துக்கே அது இன்றியமையாதது. ஹொப்ஸ் சேர்ந்த பின்னர் மேற்றிசைப் பியர் வீட்டைவிட்டுச் சந்தைக்கும், சந்தையைவிட்டுக் கப்பலுக்கும், கப்பலேறிக் கீழ்த்திசைக் குடியேற்றங்களுக்கும் சென்றது. இலங்கையில் 1881ஆம் ஆண்டு நுவரெலியாவிற் பியர்த் தொழிற்சாலை தோன்றியது. மலைநாட்டுக் குளிரும் நீரும் அங்கு வாய்த்தன, ஹொப்ஸ் வாய்க்கவில்லை. அக்கொடி பூப்பதற்கு வேனிற்காலத்து நீண்ட பகற்பொழுது வேண்டும். வடகோளத்தில் ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரையுள்ள நாடுகளே அதற்கு ஏற்றவை. ஏழு பாகையில் உள்ள நுவரெலியாவுக்கு அது கடல் கடந்தே வரவேண்டியதாயிற்று. நம் தோப்பியோ வீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை. சந்தைக்குச் செல்லாத தொழில், வீட்டு வழக்கம் மாறியவுடன் சுவடின்றி மறைவது இயல்பு.

வழக்கம் எவ்வாறு மாறியது? இவ்விடத்தில் உருத்திரங்கண்ணனாரே நமக்குத் துணையாகின்றார். பட்டினப்பாலையும் அவர் பாடியதே. அதில் வரும் பரதவர் பெண்ணைப் பிழியை, அதாவது பனங்கள்ளைப் பருகுகின்றனர். ஒரே புலவர், மீன்பிடித்து வாழும் இருவேறு மக்களுக்கு இருவேறு பானங்களை வகுத்துக் கூறுகின்றார். ஓரிடத்தில் அரிசி, மற்றோரிடத்திற் பனை. எனவே அவர் காலத்தில் இரண்டும் ஒருங்கு வழங்கின. இரண்டும் வேறென்பது அறியப்பட்டிருந்தது. பின்னாளில் அரிசி பின்தள்ளப்பட்டுப் பனை எஞ்சியமைக்குக் காரணம் காண்பது அரிதன்று. அரிசி பசிக்கு உணவு. அதைக் கள்ளாக்கினால் உலை வைக்கக் குறையும். பனையோ உழவும் நீரும் வேண்டாது வறண்ட நிலத்திலும் வளர்வது. உணவைக் குறையாது மதுவைத் தருவது. வடபுலத்திற்கும் வன்னிக்கும் இது மிகப் பொருந்தும்.

ஆனால் இம்மாற்றத்தோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதையே நம் திறனாய்வாளர் காணத் தவறினர். நெற்கள்ளை ஆக்கியோர் வீட்டார். நுளைமகளின் கை அதிலுண்டு. அடுக்களையின் பானையும் பிழாவும் அதிலுண்டு. ஆக்குவோரும் அருந்துவோரும் ஒரு குடியினர். பனங்கள்ளோ மரத்தில் ஏறவல்லான் ஒருவனை வேண்டி நிற்பது. தளநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியையும் முட்டியையும் இடையிற் கட்டி, காலையும் மாலையும் பாளை சீவுதல் உயிரைப் பணயம் வைக்கும் தொழில். முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். அந்நுட்பத்தை அறிந்த சீவல் தொழிலாளியின் கையிலிருந்து கள்ளைப் பெற்ற ஊரார், அவனுக்கு வீட்டு முற்றத்தையும் கோயில் வாயிலையும் மறுத்தனர். பருகியவன் நீராடித் திருநீறணிந்து உள்ளே செல்ல, இறக்கியவன் வெளிவீதியில் நின்றான். சமுதாயக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலய நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது. 1972இல் வெளியான கே. டானியலின் பஞ்சமர், யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை நாவலாக்கியபோதே, நம் இலக்கியம் இவர்களை நேர்நின்று நோக்கத் தொடங்கிற்று.

இவ்வொடுக்குமுறைக்கு அறநூலைச் சான்று காட்டுவோரும் உளர். திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அதன் பத்துக் குறளையும் ஒருமுறை நிதானித்துப் படிக்க. உண்பானை வள்ளுவர் இடித்துரைக்கின்றார்; அவனைப் பெற்ற தாயின் முகத்தை நினைப்பிக்கின்றார்; பொருள் கொடுத்து அறியாமையை வாங்குகின்றான் என இரங்குகின்றார்; மயங்கிக் கிடப்பவனைக் கண்டும் தன் நிலை உணராதவனை நோக்கி வினவுகின்றார். கள்ளை இறக்கியவனைப் பற்றிப் பத்துக் குறளிலும் ஒரு சொல் இல்லை. குற்றத்தை அருந்துவோன்மேல் வைத்தவர் வள்ளுவர்; அதனை ஆக்குவோன்மேல் மாற்றி வைத்தது நம் சமுதாயம். வள்ளுவர் பெயரால் அதனைச் செய்தது இரட்டைப் பிழை.

இவ்வரலாற்றின் சுவடு மொழியிலும் காணப்படலாம். பெரும்பாணாற்றுப்படையின் பிழா, களியை ஆற்றும் அகன்ற கலம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கள்ளும் கூழும் அருந்தப் பனையோலையாற் கோலும் கலம் பிளா. ழகரமும் ளகரமும் நம் பேச்சில் மயங்குவன. இரண்டும் ஒரே சொல்லெனின், சங்ககால வலைஞர் முற்றத்துக் கலத்தின் பெயர் நம் பனந்தோப்பில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அச்சொல்லைக் காத்தவர் அரங்கேறிய புலவரல்லர்; ஓலை கோலிய எளிய மக்களே. மொழியறிஞர் இதனை ஆராய்ந்து கொள்ளினும் தள்ளினும் நன்றே.

1978இற் பனை அபிவிருத்திச் சபை தோன்றியதும், கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகச் சீவல் தொழிலாளர் தம் விளைபொருளைத் தாமே விற்கத் தலைப்பட்டதும் வரவேற்கத்தக்கவை. போரிற் குண்டுபட்டுத் தலையிழந்தும், பதுங்குகுழிகளுக்காக வெட்டுண்டும் அழிந்த பனைகள் பல. எஞ்சிய பனைகளில் ஏறுவோரும் குறைந்துவருகின்றனர். தொழில் இழிந்ததாக எண்ணப்படும்வரை அத்தொழிலாளியின் மகன் அதனை விட்டு நீங்குவதில் வியப்பில்லை. அவன் நீங்குவதைக் குறைகூறும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் அவன் வகுப்பறையில் இருந்து சங்க இலக்கியம் கற்கும்போது, தன் தந்தையின் தொழிலுக்கு நிகரான ஒன்று தமிழின் பழம்பெரும் பாட்டில் மதிப்போடு கூறப்பட்டிருத்தலை அறியும் உரிமை அவனுக்கு உண்டு. ஆசிரியர் அவ்வேழு அடிகளைத் தாண்டிச் சென்றால், அவ்வுரிமையை அவனிடமிருந்து பறித்தவராவர்.

ஆதலின் தமிழ் கற்பிப்போர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, தோப்பிக்கும் பெண்ணைப் பிழிக்கும் தேறலுக்கும் கள் என ஒரே பொருள் எழுதி அமையாது, வேறுபாட்டை விளக்குதல். மற்றொன்று, இலக்கிய ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருங்கிருந்து நல்லடை போன்ற சொற்களை ஆராய்தல். முளைநெல்லின் நொதியத்தை அயடீன் கரைசலாற் சோதித்தறிதல் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு பாடவேளையில் நிகழக்கூடியது. அதற்குக் கள் ஆக்கவேண்டியதில்லை. அச்சோதனையின் அருகிற் பெரும்பாணாற்றுப்படை விரித்து வைக்கப்படின், செய்யுள் வேறு, தொழில் வேறு, விஞ்ஞானம் வேறு என்னும் மயக்கம் மாணவரிடத்து நீங்கும். குடியை வெறுக்கக் கற்பிப்போம். கைத்தொழிலை வெறுக்கக் கற்பியாதிருப்போம்.